எட்டு ஆழாக்கு ஒரு படி

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில் சாப்பிடும் வாய்கள் ஆயிரம் இருந்தன. கடை மட்டும் ஒன்றுதான். அதை நடத்தியது ஒரு குரங்கு.

கடை நாவல் மரத்தடியில் இருந்தது, பிள்ளைகளே. விற்பது தினை. விலை புளியங்கொட்டைகளில். அளப்பதற்குக் குரங்கிடம் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. ஒன்று, பலா மரத்தில் குடைந்த படி. மற்றொன்று, மூங்கிலில் வெட்டிய ஆழாக்கு. எட்டு ஆழாக்கு சேர்ந்தால் ஒரு படி. இது காட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் படி வாங்குகிறவர்கள் வருவார்கள். மான் வரும், காட்டெருமை வரும், முள்ளம்பன்றி வரும். ஒரு படி இருபது கொட்டை. அவர்களைக் கண்டதும் குரங்கு எழுந்து நின்று கும்பிடும். படியின் விளிம்புக்கு மேலே கோபுரம் எழும்படி குவித்து அளக்கும். போகும்போது கொசுறாக ஒரு பிடி வேர்க்கடலையும் போடும்.

ஆழாக்கு வாங்குகிறவர்கள் தினமும் மாலையில் வருவார்கள். வெள்ளெலி, காடை, அணில், முயல் என்று வரிசை நீளும். ஒரு ஆழாக்கு மூன்று கொட்டை. அவர்களுக்காகக் குரங்கு எழுந்திருப்பதில்லை. ஆழாக்கைக் குவியலில் முக்கும், தலையைத் தட்டும், தேக்கிலையில் கவிழ்க்கும், நாரால் முடிச்சுப் போடும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

"கொஞ்சம் கொசுறு போடக் கூடாதா?" என்று ஒரு நாள் காடை கேட்டது.

"வாங்குவது ஆழாக்கு, அதற்குக் கொசுறு வேறா? அடுத்த ஆள்!" என்று கத்தியது குரங்கு.

அடுத்த ஆள் வெள்ளெலி. அது முள்ளம்பன்றியின் கிழங்குக் காட்டில் மண் கிளறும் வேலை பார்த்தது. நாள் கூலி நான்கு கொட்டை. மாலையில் வேலை முடிந்தால்தான் கூலி கைக்கு வரும். மறுநாள் வேலை உண்டா என்பது மறுநாள் காலையில்தான் தெரியும். மூன்று கொட்டைக்குத் தினை, ஒரு கொட்டைக்கு உப்பும் மிளகாயும் வாங்கினால் கை காலி. வளையில் மூன்று குட்டிகள் காத்திருக்கும். கடைக்குட்டியின் பெயர் பொடிச்சி.

வெள்ளெலி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, அந்த வழியாக மயில் வந்தது.

மயில் அரசவையின் ஆலோசகர். தோகை தரையில் புரளாமலிருக்க இரண்டு மைனாக்கள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கும். மயிலுக்குத் தினை அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து வீடு தேடி வந்துவிடும். அது கடை வாசலில் ஒரு நாளும் நின்றதில்லை. ஆனால் கடைக்குப் போவது எப்படி என்று சொல்லித் தருவதில் அதற்குச் சலிப்பே வராது.

"வெள்ளெலி, நேற்றும் உன்னை இந்த வரிசையில் பார்த்தேன். இன்றும் நிற்கிறாய்" என்றது மயில்.

"நேற்றும் பசித்தது, இன்றும் பசிக்கிறது, மயிலாரே."

"வாய் மட்டும் நன்றாகப் பேசு. எட்டு ஆழாக்குக்கு நீ கொடுப்பது இருபத்து நான்கு கொட்டை. அதே தினையை வெள்ளிக்கிழமை படியாக வாங்கினால் இருபது. நான்கு கொட்டை மிச்சம்! ஒரு நாள் கூலியைத் தூக்கி வீசுகிறாய். உங்களைப் போன்றவர்கள் முன்னேறாததற்குக் காரணம் இதுதான்."

"இருபது கொட்டை ஒன்றாகக் கையில் இருந்தால் நான் ஏன் இங்கே நிற்கிறேன்?"

"சேர்த்து வை. மனம் இருந்தால் முடியும்" என்றது மயில். பிறகு வரிசையில் நின்ற மற்றவர்களுக்கும் கேட்கும்படி, "நாளைக்கு என்ற நினைப்பே இல்லாத கூட்டம்!" என்று சொல்லிவிட்டு நடந்தது. மைனாக்கள் தோகையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடின.

குரங்கு, "பெரியவர் சொல்வதைக் கேளுங்கள்" என்று சொல்லிச் சிரித்தது.

அந்தச் சொல் வெள்ளெலிக்குச் சுருக்கென்று தைத்தது. கணக்கில் தவறில்லையே என்றும் தோன்றியது. செய்துதான் பார்ப்போம் என்று துணிந்தது.

ஆழாக்குக்குக் கீழே குரங்கு விற்காது. அதனால் வெள்ளெலி ஒரு நாள் விட்டு ஒரு நாள் கடைக்குப் போனது. ஒரு நாள் தினையை இரண்டு நாளைக்கு வைத்துக் கஞ்சி காய்ச்சியது. முதல் நாள் கஞ்சி தண்ணீராக இருந்தது. இரண்டாம் நாள் தண்ணீரே கஞ்சியாக இருந்தது.

"அம்மா, இன்றைக்குக் கடை இல்லையா?" என்று கேட்கும் பொடிச்சி.

"கடை இருக்கிறது. நாம்தான் போகவில்லை."

"ஏன் போகவில்லை?"

"மிச்சம் பிடிக்கிறோம்."

"மிச்சம் என்றால் சாப்பிடுவதா?"

பத்தாவது நாள் பொடிச்சி விளையாடப் போவதை நிறுத்திவிட்டது. வளையின் ஓரத்தில் படுத்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

பதினான்கு நாளில் இருபத்தொரு கொட்டை சேர்ந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளெலி படி வாங்குகிறவர்களின் வரிசையில் போய் நின்றது. குரங்கு அதை மேலும் கீழும் பார்த்தது. இருபது கொட்டையையும் இரண்டு முறை எண்ணியது. பிறகு படியைக் கோபுரமாக அளந்து கொடுத்தது. கொசுறும் கிடைத்தது.

வளைக்கு வந்ததும் வெள்ளெலி, உலையில் போடும் தினையை அளக்கத் தன் கொட்டாங்குச்சியை எடுத்தது. ஆழாக்குப் பிடிக்க வேண்டும் என்றே கல்லில் தேய்த்துச் சரிசெய்த கொட்டாங்குச்சி அது. தினமும் பொட்டலத்தை அதில் கொட்டினால் விளிம்புக்கு நன்றாகக் கீழேயே தினை நின்றுவிடும். கொட்டாங்குச்சியைத்தான் பெரிதாக விட்டுவிட்டோம் என்று இத்தனை நாளும் அது நினைத்திருந்தது.

இன்று படித் தினையைக் கொட்டாங்குச்சியால் அளந்தது. ஒன்று, விளிம்புவரை. இரண்டு, விளிம்புவரை. அப்படியே எட்டு முறை நிறைந்து, கோபுரத்தில் இருந்தது கொஞ்சம் மிஞ்சியது.

வெள்ளெலி கொட்டாங்குச்சியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தது. கொட்டாங்குச்சி பெரிது இல்லை. அப்படியென்றால் தினமும் வந்த பொட்டலம்தான் சிறிது.

அதோடு கதை முடியவில்லை. ஐந்தாம் நாள் மழை கொட்டியது. முள்ளம்பன்றியின் வீட்டில் பாறைமேல் கட்டிய தானியக் குதிர் இருந்தது. வெள்ளெலிக்கு இருந்தது மண் வளை. தண்ணீர் இறங்கியது. மிச்சமிருந்த மூன்று கொட்டாங்குச்சித் தினையும் பூசணம் பிடித்தது. பதினான்கு நாள் வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை வெள்ளெலி வாரி வெளியே கொட்டியது. ஆறாம் நாள் மாலை மறுபடியும் ஆழாக்கு வரிசையில் நின்றது.

மயில் அதைப் பார்த்துவிட்டது. "ஒரு வாரம்கூடத் தாங்கவில்லையா? இவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. சட்டம்தான் வேண்டும்" என்று சொல்லி, நேரே அரசனிடம் போனது.

அந்தக் காட்டுக்கு யானை அரசன். கெட்ட மனம் இல்லை. ஆனால் மிகப் பெரிய உருவம். அதற்குத் தரையில் நடப்பது எதுவும் சரியாகத் தெரியாது.

"அரசே, சின்னப் பிராணிகள் தினமும் கடைக்குப் போய்க் கொட்டைகளை வீணடிக்கின்றன. வாரம் ஒரு முறை மொத்தமாக வாங்கச் சொல்லி உத்தரவு போடுங்கள். தானாகச் சேமிப்பு வந்துவிடும்" என்றது மயில்.

"நல்ல யோசனையாக இருக்கிறதே" என்றது யானை. அதன் ஒரு வேளைச் சாப்பாடே இரண்டு மூட்டை.

அடுத்த புதன்கிழமை மரங்கொத்தி ஒவ்வொரு மரத்திலும் கொத்தி அறிவித்தது: "கேளுங்கள், கேளுங்கள்! வரும் வெள்ளிக்கிழமை முதல் ஆழாக்கு விற்பனை நிறுத்தப்படுகிறது. எல்லோரும் வாரம் ஒரு முறை படியாகவே வாங்க வேண்டும். உங்கள் நன்மைக்காகவே இந்த உத்தரவு!"

இருபது கொட்டை இல்லாதவர்கள் அந்த வாரம் எதைச் சாப்பிடுவது என்று மரங்கொத்திக்குச் சொல்லி அனுப்பவில்லை. அதனால் அதுவும் சொல்லவில்லை.

அன்று மாலை வரிசையில் ஒரே கூச்சல். குரங்கு மெல்லக் குனிந்து, "சத்தம் போடாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மரத்துக்குப் பின்பக்கம் வாருங்கள். உங்களுக்காக ரகசியமாக ஆழாக்கு வைத்திருப்பேன். ஆனால் நான்கு கொட்டை. ஆபத்து எனக்குத்தானே?" என்றது.

நான்கு கொட்டை என்றால் உப்புகூட இல்லை. மூன்று கொட்டைக்கே பொட்டலம் சிறிது. பின்பக்கத்துப் பொட்டலம் எப்படி இருக்குமோ? வெள்ளெலிக்குப் பொடிச்சியின் முகம் நினைவுக்கு வந்தது. இன்னொரு பதினான்கு நாளை அந்தக் குட்டி தாங்காது.

அது வரிசையில் நின்றவர்களில் ஏழு பேரை ஒரு புதருக்குப் பின்னால் கூட்டிப் போனது.

"நாளை வியாழக்கிழமை. அந்தியில் அரசர் ஆற்றுத் துறையில் வழக்குக் கேட்பார். நாளைக்கு நாம் எட்டுப் பேரும் வழக்கம்போல் தினை வாங்குவோம். ஆனால் பொட்டலத்தை யாரும் அவிழ்க்கக் கூடாது. அப்படியே துறைக்குக் கொண்டு வாருங்கள்" என்றது.

"அவிழ்க்காமல் எப்படிச் சமைப்பது?" என்று கேட்டது முயல்.

"வழக்கு முடிந்த பிறகு சமைக்கலாம்."

"நல்லது! என் வீட்டில் ஆறு குஞ்சு. அந்தியானால் கத்தியே என் காதை ஓட்டையாக்கிவிடும். நீயே வந்து அவற்றிடம் சொல், வெள்ளெலி அக்கா" என்றது காடை.

"வருகிறேன். வந்து சொல்கிறேன். ஒரு வேளை தள்ளிச் சாப்பிடுவதா, ஒரு வாரம் சாப்பிடாமல் இருப்பதா என்று அவற்றையே கேட்கிறேன்."

காடை சிறகைச் சிலிர்த்துக்கொண்டது. "சரி சரி, நானே சொல்லிக்கொள்கிறேன். நீ வந்தால் அழ வைத்துவிடுவாய்."

வியாழக்கிழமை அந்தியில் யானை குளித்து முடித்துத் துறையில் நின்றது. பக்கத்தில் மயில் இருந்தது. அரண்மனைக்குத் தினை அனுப்புவது குரங்குதான் என்பதால், அதுவும் கடையை அடைத்துவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. எட்டுச் சின்னப் பிராணிகள் எட்டுப் பொட்டலங்களோடு வந்து நின்றன.

"என்ன வழக்கு?" என்றது யானை.

"ஆழாக்கு வழக்கு, அரசே" என்றது வெள்ளெலி.

"ஆழாக்கா? அது என்ன?"

மயில் தலையைக் குனிந்துகொண்டது. வெள்ளெலி தன் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டியது. "இதுதான், அரசே. மூச்சை மெல்ல விடுங்கள், பறந்துவிடும். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு ஒரு நாள் சாப்பாடு."

யானை கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. "இதுவா? நான்கு பேருக்கா?"

"உத்தரவு போட்டபோது தங்களிடம் இதைக் காட்டவில்லை போலிருக்கிறது" என்றது வெள்ளெலி. பிறகு குரங்கின் பக்கம் திரும்பியது. "கடைக்காரரே, இந்த எட்டுப் பொட்டலமும் இன்று நீங்கள் கட்டியவைதானே?"

குரங்கு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தது. "என் கட்டுதான். இந்த முடிச்சைப் போட இந்தக் காட்டில் வேறு யாருக்குக் கை வரும்?" என்று சபையைப் பார்த்துச் சிரித்தது.

"யாராவது அவிழ்த்துக் கட்டியிருந்தால்?"

"நடக்காது. ஒரு முறை அவிழ்த்தால் நார் கிழிந்துவிடும். எல்லாம் அப்படியே இருக்கிறது."

"சபையில் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு ஆழாக்கு எவ்வளவு?"

"ஒரு படி!" என்று ஆற்றங்கரை முழுவதும் ஒரே குரலில் சொன்னது.

"அரசே, அரண்மனைப் படியைக் கொஞ்சம் தர வேண்டும்."

படி வந்தது. குரங்கின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. வெள்ளெலி பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கிழித்துப் படியில் கொட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அணில் உரக்க எண்ணியது. எட்டாவது பொட்டலமும் விழுந்தது. படி நிறையவில்லை. கோபுரம் கிடக்கட்டும், விளிம்பைக்கூடத் தொடவில்லை. கால் படி காலியாக இருந்தது.

எல்லோர் கண்ணும் குரங்கின் பக்கம் திரும்பியது.

"படியில் ஏதோ கோளாறு" என்றது குரங்கு.

"அரண்மனைப் படியிலா?" என்று காதை விசிறியது யானை.

"ஆழாக்கைக் கொண்டு வரச் சொல்லுங்கள், அரசே. எங்கள் கண் முன்னால் ஒரு முறை அளக்கட்டும்" என்றது வெள்ளெலி.

ஆழாக்கு வந்தது. சரியாக அளந்துவிட வேண்டும் என்றுதான் குரங்கும் நினைத்தது. ஆனால் பல வருடப் பழக்கம், பிள்ளைகளே. கை புத்தியைக் கேட்கவில்லை. ஆழாக்கைப் பிடித்த கட்டை விரல் தானாக உள்ளே போய் மடங்கிக்கொண்டது. விரலோடு சேர்த்து முக்கியது, தலையைத் தட்டியது, இலையில் கவிழ்த்தது.

"விரல்!" என்று கீச்சிட்டது காடை. "அரசே, அதன் விரலைப் பாருங்கள்! ஆழாக்கில் பாதி இடத்தில் அதுதான் உட்கார்ந்திருக்கிறது!"

"பாதி இல்லை, கால் பாகம்தான்" என்றது குரங்கு, அவசரத்தில்.

சபை கொதித்தது. அணில் மரத்திலிருந்து நாவல் கொட்டையை வீசியது. முயல் இரண்டு காலில் எழுந்து நின்று, "என் தாத்தா காலத்திலிருந்து உன் விரலுக்குத் தினை வாங்கியிருக்கிறோமடா!" என்று கத்தியது.

"படி அளக்கும்போதும் விரலை விடுவாயா?" என்று கேட்டது யானை.

"படி பெரிது, அரசே. இரண்டு கையாலும் வெளியே பிடித்துத்தான் தூக்க வேண்டும்" என்றது குரங்கு. "அதோடு, படி வாங்குகிறவர்கள் கவனித்துக் கேட்பார்கள்."

இந்த நேரத்தில் மயில் கழுத்தை நிமிர்த்தியது. "இதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன், அரசே. ஆழாக்காக வாங்கினால் நஷ்டம் என்று. படியாக வாங்கியிருந்தால் இந்த வம்பே இல்லை."

வெள்ளெலி மயிலுக்கு நேரே போய் நின்றது.

"மயிலாரே, நாங்கள் நாளைக்கு என்ற நினைப்பு இல்லாதவர்கள் என்றீர்கள். கூலி வாங்கிய கையோடு கடைக்கு வருவதை ஊதாரித்தனம் என்றீர்கள். நான் உங்கள் பேச்சைக் கேட்டு என் பிள்ளைகளைப் பதினான்கு நாள் பட்டினி போட்டேன். கடைக்குட்டி இன்னும் எழுந்து ஓடவில்லை. எங்கள் பொட்டலத்தில் குறைந்ததை எங்கள் புத்தியில் குறைந்ததாகச் சொல்லிவிட்டீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த வரிசையில் நின்று அளப்பதைப் பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காதா?"

மயில் தோகையைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டது.

யானை வெகுநேரம் காலை மாற்றி மாற்றி நின்றது. "உத்தரவு ரத்து" என்றது கடைசியில். "குரங்கே, இந்தப் படியை இப்போதே நிரப்பு. கோபுரம் வை. இனிமேல் ஆழாக்குக்கும் கோபுரம் வைத்துத்தான் அளக்க வேண்டும். கை வெளியே இருக்க வேண்டும். வெள்ளெலி, உனக்கு வேறு என்ன வேண்டும்?"

"நாங்கள் எட்டுப் பேர், அரசே. ஆளுக்கு மூன்று கொட்டை போட்டால் இருபத்து நான்கு சேரும். எட்டுப் பேராகச் சேர்ந்து வந்தால் எந்த நாளானாலும் எங்களுக்கு இருபது கொட்டைக்கு ஒரு படி தர வேண்டும். பிரிப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மிச்சம் நான்கு கொட்டையையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்."

"தினமும் வாங்கிக்கொண்டே சேமிப்பதா?" என்று வியந்தது யானை. "மயிலே, இது ஏன் உனக்குத் தோன்றவில்லை?"

"நான் தினமும் வாங்குவதில்லையே, அரசே" என்றது மயில்.

"அப்படியா? அப்படியானால் வாங்கிப் பார். நாளை முதல் ஒரு மாதம் களஞ்சியத் தினை உனக்கு இல்லை. முள்ளம்பன்றியின் காட்டில் மண் கிளறு. நான்கு கொட்டை கிடைக்கும்."

மறுநாள் மாலை எட்டுப் பேரும் ஒரு படி வாங்கி, கொட்டாங்குச்சியால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மண் அப்பிய தோகையைத் தானே இழுத்துக்கொண்டு மயில் வந்தது. வெள்ளெலியின் முன்னால் வந்து நின்று நான்கு கொட்டையை நீட்டியது.

"என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றது மயில், மெதுவாக.

"ஒரு படிக்கு எட்டுப் பேர்தான் கணக்கு. நீங்கள் ஒன்பதாவது. இன்னும் ஏழு பேரைத் தேடிப் பிடித்தால் உங்களுக்கும் ஒரு படி கிடைக்கும்" என்றது வெள்ளெலி.

"யாரைத் தேடுவது?"

"அதோ, மேட்டுக்கு அந்தப் பக்கத்து வளைகளில் தினமும் வரிசையில் நிற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் உங்களுக்குத் தெரியுமே. எல்லோரையும் நிறுத்தி நிறுத்தித்தானே பேசினீர்கள்?"

மயில் முதல் வளையின் வாசலில் போய்க் குரல் கொடுத்தது. உள்ளே பேச்சு நின்றது. பதில் வரவில்லை. இரண்டாவது வாசலுக்குப் போனது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பசிக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் ஏழு பேர் வேண்டும்.

நீதி: இல்லாதவர்களுக்குச் சிக்கனம் சொல்லப் போகும் முன், அவர்களுக்கு அளந்து கொடுக்கிற கையைப் போய்ப் பார்.